படுக்கை எண் இல்லை

மணி அடிக்க நேரமாகும் தம்பி, உக்காருங்க. அந்த பெஞ்சு வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை, ஆடும். இங்கன வாங்க. நாலு மணிக்குப் பாக்கலாம்னு போர்டுல எழுதித்தான் போட்டிருக்கு, இல்லங்கல. ஆனா இன்னைக்கு நாலு மணிக்குக் கதவத் தெறக்கமாட்டாவ. உள்ள கூட்டம் நடக்கு. டாக்டரம்மா, நர்சுமாரு, பெண்கள் வார்டுல உள்ள இருவத்தாறு பேரு, எல்லாரும் வட்டமா நாற்காலி போட்டு உக்காந்து பேசுதாவ. எதப் பத்தின்னா கேக்கீய? என்னப் பத்திதான்.

பயந்து தள்ளி உக்காராதீங்க. நான் பேஷண்டு இல்ல. இந்த மனநல ஆஸ்பத்திரியில ஆயா. பேரு தங்கபுஷ்பம். இருவத்திரெண்டு வருசமா பெண்கள் வார்டுதான். உள்ள உள்ளவளுவ எல்லாம் புஷ்பக்கான்னு கூப்பிடுவாளுவ. இப்ப இருவத்திமூணு நாளா என்னைய இந்த விசிட்டர் ஷெட்டுல கொண்டாந்து உக்கார வச்சிருக்காவ. நீங்க யாரப் பாக்க வந்தீய? அக்காவா? திங்கக்கெழம ஆட்டோவுல வந்து எறங்குச்சே, சுருட்ட முடி, அதா? அந்தப் புள்ள எறங்கும்போதே நான் கால் பெருவிரலப் பாத்துட்டேன். அடிக்கிற ரகம் இல்ல. அழுது தீக்கிற ரகம். தைரியமா இருங்க.

பெருவிரலப் பாத்து எப்படித் தெரியும்னு கேக்கீயளா? கேளுங்க, கேளுங்க. இந்தக் கேள்வியிலதான் தம்பி எனக்கு அம்புட்டு வில்லங்கமும்.

வார்டுல ஆயா சோலின்னா என்னன்னு வெளியில உள்ளவியளுக்குத் தெரியாது. டீ ஊத்தணும், சோறு வைக்கணும், குளிப்பாட்டணும், தல சீவி விடணும். சாப்பிட்டு முடிச்சதும் தட்டு, கரண்டி எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணணும். சனிக்கெழம தோறும் நகம் வெட்டணும். இதெல்லாம் யாரும் செஞ்சிருவா. எனக்குன்னு ஒரு சோலி உண்டு, யாரும் ஆர்டர் போட்டுத் தந்தது இல்ல. இன்னைக்கு எவ கைய ஓங்கப் போறான்னு காலையிலயே கண்டுபிடிக்கது. அடிக்கப் போற ஆளுக்கு மொகம் கடசியாத்தான் மாறும். அதுக்கு முந்தி வாயி. எல்லாத்துக்கும் முந்தி கால் பெருவிரல். தரையப் போட்டு அமுத்தும், நகம் வெளுத்துப் போவும். அத மட்டும் நான் பாத்துட்டேன்னு வைங்க, சாயங்காலத்துக்குள்ள ஒரு தட்டு பறக்கும். நான் சொல்லித் தப்புனதே இல்ல. ஒரு தடவகூட இல்ல.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. சித்திரை மாசம் ஜெனிட்டா சிஸ்டர் வந்தாவ. சின்ன வயசு. மெலிஞ்ச ஒடம்பு, குரலும் ஒடம்புக்குத் தக்கனதான், பக்கத்துல நின்னாத்தான் காதுல விழும். எங்கயோ டிரெய்னிங் போயிட்டு ஒரு கட்டுக் காயிதம் கொண்டாந்தாவ. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஆறு கேள்வி. குழப்பமா இருக்காளா, எரிச்சலா இருக்காளா, சத்தம் போடுதாளா, வாயால மெரட்டுதாளா, கையால மெரட்டுதாளா, சாமான ஒடைக்காளா. உண்டுன்னா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம். காலையில ஒரு தடவ, ரெண்டு மணி ஷிப்டுக்கு ஒரு தடவ எழுதணும். கூட்டிப் பாத்து பூஜ்யம்னா பயமில்ல. ஒண்ணு ரெண்டுன்னா கண்ணு வச்சுக்கிடணும். அதுக்கு மேல போச்சுன்னா டாக்டருக்குச் சொல்லிட்டு, அந்த ஆளத் தனியா உக்கார வச்சு என்ன ஏதுன்னு கேக்கணும். அவ்வளவுதான். ஆறு கேள்வியில ஒரு பொம்பளைய அளந்துருவாவளாம். ஜாக்கெட்டு தைக்கதுக்கே எட்டு அளவு எடுக்கான் தம்பி.

நான் சிஸ்டர்ட்ட சொன்னேன், "தாயி, இந்தச் சீட்டெல்லாம் ஒண்ணும் தெரியாம புதுசா வந்தவளுக்கு. எனக்கு வேண்டாம்"ன்னு. பைய, மெதுவாத்தான் சொன்னேன். ஆண்கள் வார்டுலேருந்து ரெண்டு பேரு எட்டிப் பாத்தாவ, அது வேற சங்கதி. சிஸ்டர் கோவப்படல. "சரிக்கா, ஒரு மாசம் ரெண்டையும் வச்சுப் பாப்போம். காலையில நீங்க ஒரு பேரு சொல்லுங்க, நோட்டுல எழுதி வைக்கேன். நான் எம்பாட்டுக்குச் சீட்டு எழுதுதேன். எது சரியா வருதுன்னு தெரிஞ்சிரும்லா" அப்படின்னாவ. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. பாவம், புள்ள தெரியாம வந்து மாட்டுதேன்னு நெனச்சேன்.

மொத நாளு நான் சண்முகக்கனி பேரச் சொன்னேன். நல்ல ஒசரமான பொம்பள, பீடி சுத்துற கை, சிரிச்சா வார்டு முழுக்கக் கேக்கும். அன்னைக்குக் காலையில பாட்டு வேற பாடிக்கிட்டு இருந்தா. சிஸ்டர் சீட்டுல ஆறு கேள்விக்கும் பூஜ்யம். நான் பாட்டயா பாத்தேன்? பெருவிரலப் பாத்தேன். அமுந்தி இருந்துச்சு.

பேரச் சொல்லிட்டுச் சும்மா இருந்துற முடியுமா? முன்னெச்சரிக்க எடுக்கணும்லா. மொதல்ல அவ கட்டிலச் சுத்தி இருந்தவளுவள எல்லாம் தள்ளிப் போவச் சொன்னேன். "இவ இன்னைக்கு அடிப்பா, எவளும் கிட்டப் போவாதீய"ன்னு எல்லாருக்கும் கேக்க மாதிரி சொன்னேன். எச்சரிக்கைன்னா எல்லாருக்கும் கேட்டாத்தான எச்சரிக்க. பொறவு டிவிக்கு முன்னால போயி உக்காந்த அவள எந்திச்சு மூலைக்கு வரச் சொன்னேன். பத்து மணி டீக்கு எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் மக்கு. டம்ளர எறிஞ்சா யாரு பதில் சொல்லுதது? மத்தியானம் அவ சாப்பிட உக்காந்ததும் பின்னாலயே போயி நின்னேன், ஒரு முழம் தள்ளி. திரும்பிப் பாத்தா. "திரும்பாத, தின்னு"ன்னேன். ரெண்டு வாயி தின்னா. மறுபடி திரும்பிப் பாத்தா. "என்னட்டி மொறைக்க?"ன்னேன். பன்னெண்டே முக்காலுக்குத் தட்டு பறந்துச்சு.

சாம்பார் பூராவும் என் சீலையில. தட்டு விளிம்பு தோள்பட்டையில பட்டு வீங்கிப் போச்சு. எனக்கு வலியே தெரியல தம்பி, சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். அந்தச் சாம்பார் சீலையோடயே போயி சிஸ்டர் நோட்டத் தெறந்து காமிச்சேன்.

மறுநாளு இன்னொருத்தி பேரு. அன்னைக்கும் சரி. அதுக்கு மறுநாளும் சரி. ஆறு நாளு, ஆறு பேரு, ஆறு தட்டு. சிஸ்டரோட சீட்டு ஆறு நாளும் பூஜ்யம் காட்டிக்கிட்டு கெடக்கு. டாக்டரம்மாவே வார்டுக்கு வந்துட்டாவ. "புஷ்பம், நீங்க எப்படிக் கண்டுபிடிக்கீங்க? பேரு சொன்னதுலேருந்து தட்டு விழுற வரைக்கும் என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க"ன்னாவ. சொன்னேன். எழுதிக்கிட்டாவ. எழுத எழுத மொகம் மாறிக்கிட்டே வந்துச்சு. அசந்து போயிட்டாவ போலன்னு நெனச்சேன். எங்க ஆஸ்பத்திரியில வருசா வருசம் ஆயாமாருக்கு ஒரு கேடயம் குடுப்பாவ. நான் வீட்டுல டிவி ஸ்டாண்டு மேல ஒரு எடத்தத் தொடச்சு வச்சேன். எதுக்கு மறைக்கணும்.

அந்த நேரம் பாத்து எனக்குக் கண்ணுல புரை எடுக்க நாள் குறிச்சுட்டாவ. பத்து நாளு லீவு. திரும்பி வந்ததும் மொத வேலையா நோட்டத் தெறந்து பாக்கேன், பத்து நாளும் ஒண்ணுமே இல்ல. ஒரு தட்டு இல்ல, ஒரு அடி இல்ல. சிஸ்டர் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காவ, நான் எதையோ புரிஞ்சுக்கிட்டுச் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்க மாதிரி. நான் சொன்னேன், "பாத்தீயளா சிஸ்டர், கண்டுபிடிக்க ஆள் இல்லன்னா எதுவுமே வெளிய தெரியாமப் போயிருது"ன்னு. அவிய நோட்ட வாங்கி மூடி வச்சாவ.

பொறவுதான் அந்தப் புது ஏற்பாடு. "அக்கா, இந்த வாரம் பேர என் காதுல மட்டும் சொல்லுங்க. முன்னெச்சரிக்க எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க அந்த ஆள் பக்கமே போவக் கூடாது"ன்னு சொல்லிட்டாவ. சரின்னுட்டு மொத நாளு அவிய காதுல வடிவு டீச்சர்னு சொன்னேன்.

வடிவு டீச்சரப் பத்திச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ரெண்டு மாசத்துக்கு முன்ன கொண்டாந்து சேத்தாவ, வந்த புதுசுல ராப்பகலா அழுகை. இப்ப ரொம்பத் தேவல. ஆனா பேச்சு கம்மி. சன்னலோரம் உக்காந்து, பரீச்ச ஹால்ல சூப்பர்வைசர் பாக்க மாதிரி எல்லாரையும் பாத்துக்கிட்டே இருப்பாவ. அப்படி ஆளுவதான் ஆபத்து.

அன்னைக்கு நான் சிஸ்டர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவிய பக்கமே போவல. பத்து மணியாச்சு, ஒண்ணுமில்ல. பன்னெண்டாச்சு. டீச்சர் சாப்பிட்டாவ, தட்டக் கழுவி வச்சாவ. ரெண்டாச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. மூணு மணி டீக்கு, டீதான குடுக்கோம், அதுல என்னன்னு பக்கத்துல போனேன். "டீச்சர், இன்னைக்கு எப்படி இருக்கு?" "நல்லாருக்கு." "கோவம் எதும் வருதா?" "இல்லையே." "கொஞ்சங்கூட வரலியா?" "இல்லக்கா." ஒரு தடவ கேட்டேன், ரெண்டு தடவ கேட்டேன், அவ்வளவுதான். சரி, ஏழெட்டுத் தடவ இருக்கும். எனக்குச் சந்தேகம் தீரணும்லா. கடசியாக் குனிஞ்சு அவிய பெருவிரல அமுத்திப் பாத்தேன்.

டீச்சர் என்னைய அடிக்கல. எந்திச்சாவ. நேரா சிஸ்டர் மேசைக்குப் போயி, "எனக்கு ஒரு வெத்துச் சீட்டு தருவீங்களா? ஒரு பென்சிலும்"னு கேட்டாவ. பழைய பள்ளிக்கூட நெனப்பு வந்துட்டு போல, பாவம்னு எனக்கு மனசு எளகிப் போச்சு. வார்டுக்குள்ள கூர் வச்ச பென்சில் குடுக்கக் கூடாது. நானே மொனைய மழுக்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன்.

அந்த ஒரு வாரமும் டீச்சர் என்னைய விட்டுக் கண்ண எடுக்கல. நான் டீ ஊத்துனா பாப்பாவ, எழுதுவாவ. தல சீவி விட்டா பாப்பாவ, எழுதுவாவ. எனக்கு வெளங்கிப் போச்சு. படிச்ச ஆளு, என் முறையக் கவனிச்சு எழுதி வைக்காவ, நாளப்பின்ன நாலு பேருக்கு ஆவும்னு. அதனால நானும் கொஞ்சம் நல்லா ஒரக்கவே வேல பாத்தேன். சன்னல் வரைக்கும் கேக்கணும்லா.

இதுக்கெடையில தெனமும் காலையில சிஸ்டர் காதுல ஒரு பேரு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். ஏழு நாளும் ஒண்ணும் நடக்கல. ஏழு பேரும் சேந்து எனக்கு எதுரா சதி பண்ண மாதிரி சாப்பிட்டுத் தூங்கி எந்திக்காளுவ.

சனிக்கெழம மத்தியானம். நகம் வெட்டி முடிச்சிட்டு எல்லாரும் கூடத்துல இருக்கோம். நர்சுமாருவளும் இருக்காவ. ஜெனிட்டா சிஸ்டர் நோட்டோட என் பக்கத்துல வந்தாவ. அவியளுக்குத் தனியா வச்சுச் சொல்லணும்னுதான் எண்ணம். நான்தான், "எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, எனக்கு என்ன பயம்"னு சொன்னேன். சொன்னாவ. "மொத ஆறு நாள் ஆறு சம்பவம். ஆறும் நீங்க வாய் விட்டுப் பேரு சொல்லி, பக்கத்துல போயி நின்ன ஆளு. நீங்க லீவுல இருந்த பத்து நாளும் ஒண்ணுமில்ல. காதுல சொன்ன ஏழு நாளும் ஒண்ணுமில்ல. இனிமே பேரு சொல்ல வேண்டாம்க்கா. சீட்டு மட்டும் போதும்."

சீட்டு மட்டும் போதும். அந்த ஒரு வார்த்தைதான் தம்பி. எனக்கு ஒடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டு. கையில நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்த டம்ளர். என் சொந்த டம்ளர்தான், ஆஸ்பத்திரி சாமான் இல்ல. அது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சொவத்துல பட்டு உருண்டு போயி கட்டிலுக்கு அடியில கெடக்கு. என் வாயிலேருந்து என்னென்னமோ வந்துச்சு. உங்கட்ட அதெல்லாம் சொல்ல முடியாது.

அப்பந்தான் தம்பி அது நடந்துச்சு. ஒரு நர்சும் அசையல. வடிவு டீச்சர்தான் எந்திச்சாவ. "எல்லாரும் அந்தப் பக்கமாப் போய் உக்காருங்க"ன்னு பைய சொன்னாவ. இருவத்தஞ்சு பேரும் சத்தம் காட்டாம எந்திச்சுப் போனாளுவ. ஒருத்தி மேசையில இருந்த டம்ளரையெல்லாம் அள்ளிக்கிட்டு போனா. ஒருத்தி நகவெட்டிய எடுத்துச் சீலக்குள்ள மறைச்சா. சண்முகக்கனி ஒரு நாற்காலிய இழுத்து என் பின்னால போட்டு, "உக்காருங்கக்கா"ன்னா. உக்காந்துட்டேன். எதுத்தாப்புல யாரும் வந்து நிக்கல. டீச்சர் என் பக்கத்துல இன்னொரு நாற்காலிய, இப்படிச் சாச்சுப் போட்டு உக்காந்தாவ. சண்முகக்கனி டீ கொண்டாந்தா. பிளாஸ்டிக் மக்குல. வெதுவெதுன்னு ஆத்திக் கொண்டாந்திருந்தா.

டீச்சர் கேட்டாவ, "என்னக்கா வெசனம்?"

கேட்டுட்டுச் சும்மா இருந்தாவ. இருவத்திரெண்டு வருசத்துல அந்த வார்டுல என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல. நான் அழுதுட்டேன். என்னத்தையெல்லாமோ சொன்னேன். இந்தப் பல்லப் பாருங்க, முன்பல்லு, இது கட்டுன பல்லு. வேலைக்குச் சேந்த ரெண்டாவது மாசம் ஒருத்தி வாளியத் தூக்கி மொகத்துல அடிச்சா. ஏன் அடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்குப் பொறவு ஆறு மாசம் நான் தலைய நிமித்தாமதான் வேல பாத்தேன், மொகத்தப் பாக்கப் பயம். குனிஞ்சே கெடந்தா காலுதான தெரியும். அப்படி வந்ததுதான் இந்தப் பெருவிரல் எல்லாம். யாரும் சொல்லித் தரல. காலையில அந்தக் கம்பிக் கதவத் தாண்டுததுக்கு முந்தி இப்பமும் பயத்துல ஒரு நிமிசம் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் உள்ள போவேன் தம்பி. எம் வீட்டுக்காரருக்கே அது தெரியாது. டீச்சர்ட்ட சொன்னேன்.

டீச்சர் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "நீங்க எனக்கு முன்னால வந்து நிக்கும்போது நானும் சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுதான் இருப்பேன்க்கா"ன்னாவ. என்னப் பாத்து என்ன பயம்? நான் என்ன அடிக்கவா செய்யேன்.

அப்பறந்தான் அந்தச் சீட்டு மேசையில கெடக்கதப் பாத்தேன். அச்சடிச்ச மாதிரி கையெழுத்து. பெயர்: தங்கபுஷ்பம். வயது: ஐம்பத்திநாலு. படுக்கை எண்: இல்லை. "எனக்கு எதுக்குச் சீட்டு, எனக்கு என்ன கோட்டியா, பைத்தியமா புடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன். சண்முகக்கனி சொல்லுதா, "சீட்டு கோட்டிக்கு இல்லக்கா, கோவத்துக்கு." அந்தப் பக்கம் உக்காந்திருந்தவளுவ எல்லாம் சிரிச்சுட்டாளுவ. சிஸ்டரும்.

ஏழு நாளுக்கும் மார்க்கு போட்டிருக்கு. எரிச்சல், தெனமும் ஒண்ணு. சத்தம், தெனமும் ஒண்ணு. வாயால மெரட்டுதது ஒண்ணு. கையால மெரட்டுதது ஒண்ணு, கரண்டிய ஆட்டிக்கிட்டே பேசுத பழக்கம் எனக்கு, அதப் போயி எழுதியிருக்காவ. ஆறு நாளும் நாலு மார்க்கு. ஏழாவது நாளுக்கு நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே டீச்சர் ஒண்ணக் கூட்டி அஞ்சாக்குனாவ, டம்ளருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். குழப்பம்னு இருக்குலா மொதக் கேள்வி, அதுல ஏழு நாளும் பூஜ்யம். பக்கத்துல "தெளிவாகத்தான் இருக்கிறார்" அப்படின்னு தனியா எழுதியிருந்தாவ. உள்ளதச் சொல்லுத ஆளு டீச்சர். கீழ, என்ன செய்யணும்னு ஒரு கட்டம். "கூட்டத்தைக் கலைக்கவும். எதிரே நிற்க வேண்டாம். பக்கத்தில் உட்காரவும். என்ன வருத்தம் என்று கேட்கவும். முடிக்கும் வரை குறுக்கே பேச வேண்டாம்." முந்தின நாளு தேதி போட்டிருக்கு. நடக்குததுக்கு முன்னாலயே எழுதி வச்சுட்டாவ. நான் டம்ளர எறிவேன்னு டீச்சருக்கு ஒரு நாளைக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு தம்பி. அதும் பெருவிரலப் பாக்காம.

திங்கக்கெழம ஆர்டர் வந்துட்டு. வார்டுக்குள்ள வரக் கூடாது, விசிட்டர் ஷெட்டுல இருக்கணும். திரும்ப உள்ள விடலாமா வேண்டாமான்னு யாரு முடிவு பண்ணுவான்னு கேட்டேன். டாக்டரம்மா, "உள்ள இருக்கவங்கதான் சொல்லணும்"னுட்டாவ. அந்தக் கூட்டந்தான் இப்ப நடக்குதது. இருவத்திரெண்டு வருசம் எவ அடிப்பா, எவ அடிக்கமாட்டான்னு நான் சொன்னேன். இன்னைக்கு அவளுவ வட்டமா உக்காந்து எனக்குச் சொல்லுதாளுவ. பாதிப் பேருக்கு நான் பேன் பாத்திருக்கேன்.

வேண்டாம்னு சொல்லமாட்டாளுவ. அன்னைக்கு என்னைய எப்படிப் பாத்துக்கிட்டாளுவன்னு சொன்னேன்லா. பாசம் இல்லாமலா? ஆனாலும் காலையிலேருந்து சோறு எறங்கல. எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு. இந்த ஷெட்டுல வாற போறவியளுக்கு பெஞ்சக் காட்டிக்கிட்டே அந்த நாலு வருசமும் போயிரும்னா, எனக்கு அதுக்கு இப்பமே வீட்டுல இருந்துறலாம்.

இன்னொண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. இந்த இருவத்திமூணு நாளும் தெனம் சாயங்காலம் சிஸ்டர் வீட்டுக்குப் போவும்போது கேப்பேன், "உள்ள எதும் நடந்துச்சா?"ன்னு. "ஒண்ணுமில்லக்கா"ம்பாவ. இருவத்திமூணு நாளும் ஒண்ணுமில்ல. எனக்குச் சந்தோசமா இருக்கணும்லா? இல்ல தம்பி. வயிறு எரியுது. இருவத்தாறு பேருல ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஒரு தட்ட எறிஞ்சிருக்கக் கூடாதா? என்னைய அடிச்சவளுவளுக்கு என் நெனப்புல ஒரு தட்டு எறிய முடியலியா?

இருங்க, கதவு தெறக்கு. ஜெனிட்டா சிஸ்டர்தான். மொகத்தப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலியே.

வாங்க சிஸ்டர். பரவால்ல, இந்தத் தம்பி இருந்தா என்ன, சொல்லுங்க. வரலாம்னுட்டாளுவளா? எத்தன பேரு கையத் தூக்குனாளுவ? இருவத்தாறு பேருமா? டீச்சருமா? பாத்தீயளா தம்பி, நான் சொன்னேன்லா. என்ன சிஸ்டர்? ஆனாவா? ஆனா என்ன? ம். நாளைலேருந்து. டீ நேரத்துல மட்டும். அரை மணி நேரம். அரை மணி நேரமா? சரி, சொல்லுங்க. நிக்கக் கூடாது, உக்காந்துதான் பேசணும். டீ நான் ஊத்தக் கூடாதா? பொறவு யாரு ஊத்துவா? சண்முகக்கனியா? எனக்கும் சேத்து அவதான் ஊத்துவாளா? ம். சீட்டு எனக்கும் தெனம் உண்டு, டீச்சர் எழுதுவாவ. மூணு நாளு தொடந்து ரெண்டுக்குள்ள இருந்தா ஒரு மணி நேரம். கொரலு ஒசந்தா டீச்சர் கையத் தூக்குவாவ, தூக்குனா நான் எந்திச்சு வெளிய வந்துரணும். அவ்வளவுதானா? இன்னும் இருக்கா?

கேட்டுக்கிட்டீயளா தம்பி. இருவத்திரெண்டு வருசம். எனக்கு சண்முகக்கனி டீ ஊத்துவாளாம். என் தொண்டைக்குள்ள ஒரு வார்த்த வந்து நிக்கு, மெயின் கேட்டு வாட்ச்மேனுக்குக் கேக்கத் தக்கன வார்த்த. அது வெளிய வந்துச்சுன்னா நாளைக்கு டீக்குக் கூட உள்ள விடமாட்டாவ. பொறுங்க. முழுங்கிக்கிடுதேன். ஒரு நிமிசம்.

சரிம்மா. வாரேன்.

சிஸ்டர் போயிட்டாவ. நீங்களும் எந்திங்க, மணி அடிச்சுட்டாவ, உங்க அக்கா காத்துக்கிட்டு இருக்கும். போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. கடசியா நான் சிஸ்டர்ட்ட என்ன சொன்னேன்னு உங்க காதுல விழுந்துச்சா? பக்கத்துலதான உக்காந்திருந்தீய. விழவே இல்லியா? நெசமாவா? அம்புட்டுப் பையவா பேசியிருக்கேன்? சரி, போயிட்டு வாங்க தம்பி.